சலானோடு முடியாத ராங் சைடு

2023-இல் ராங் சைடில் வந்ததற்கு எனக்கு ஒரு சலான் போட்டார்கள். போனிலேயே பணத்தைக் கட்டினேன், அன்று மாலையே மறந்தும் போனேன். அடுத்த வருடம் செப்டம்பரில் அதே பைக்கில் அதே தவறைச் செய்தேன். இந்த முறை என் பெயரில் எஃப்ஐஆர் விழுந்தது.

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் போகிற ரோடு. காலை ஐந்தரை மணி, வெளிச்சம் சரியாக வரவில்லை. டீக்கடையிலிருந்து எங்கள் முடுக்குக்கு அறுபது எழுபது மீட்டர்தான். இரண்டும் ரோட்டின் ஒரே பக்கம் என்பதால் கடந்து போகாமல் வலது ஓரமாகவே வந்தேன். தினமும் அப்படித்தான் வருவேன். வளைவில் எதிரே ஒரு டிவிஎஸ் எக்ஸெல். ரப்பர் தோட்டத்துக்குப் பால் வெட்டப் போகிற அண்ணன், அவர் பக்கத்தில் சரியாகத்தான் வந்தார். நான் நேராகப் போய் இடித்தேன். எழுந்து உட்கார்ந்தவர் வலது மணிக்கட்டை மடியில் வைத்துப் பார்த்துவிட்டு, "கை ஒடிஞ்சிட்டு மக்கா" என்றார். திட்டக்கூட இல்லை.

108-இல் நானும் ஏறிக்கொண்டேன். தக்கலை அரசு ஆஸ்பத்திரி, அங்கிருந்து ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ். காயம்பட்டவருக்குச் சிகிச்சை கிடைக்க வழி செய்வதும், 24 மணி நேரத்துக்குள் போலீசுக்குத் தகவல் சொல்வதும் ஓட்டியவரின் கடமை என்று மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. செய்யாமல் நழுவினால் அது தனிக் குற்றம். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது, விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

ஆசாரிப்பள்ளத்தில் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்கள். மணிக்கட்டுக்குச் சற்று மேலே முடி இழை மாதிரி ஒரு கோடு. என் வழக்கின் கனத்தைத் தீர்மானித்தது அந்தக் கோடுதான். வெறும் சிராய்ப்பு, வீக்கம் என்றால் சாதாரணக் காயம், ஆறு மாதம் வரை சிறை. எலும்பு முறிந்தால் சட்டத்தின் கண்ணில் கொடுங்காயம். புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 125(பி), மூன்று வருடம் வரை சிறை. கூடவே அஜாக்கிரதையாக வண்டி ஓட்டியதற்கு 281, ஆறு மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2024 ஜூலை 1-க்கு முன்னால் நடந்திருந்தால் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 338, 279 என்ற எண்களில் வந்திருக்கும். உயிர் போயிருந்தால் 106, ஐந்து வருடம் வரை. அதை இப்போது நினைத்தாலும் வயிறு கலங்குகிறது.

என் மேல் போட்ட 125(பி), 281 இரண்டு பிரிவுகளிலும் ஜாமீன் உரிமை உண்டு. உறவினர் இருவர் வந்து கையெழுத்துப் போட, ஸ்டேஷனிலேயே ஜாமீன் கிடைத்தது. பைக்கைப் பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) வந்து பார்க்கும்வரை தரமாட்டார்கள். பிரேக், ஹாரன், லைட் எல்லாம் சோதித்துவிட்டு, வாகனக் கோளாறால் நடந்த விபத்து அல்ல என்று எழுதிக் கொடுத்தார். என் மேல்தான் தப்பு என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி. இன்சூரன்ஸ் உயிரோடு இருந்தது பெரிய நிம்மதி. அண்ணனின் இழப்பீட்டு மனு மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்துக்குத் தனியாகப் போனது. ஆனால் இழப்பீடு வரும்வரை அவர் வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே. ரப்பர் பால் வெட்டினால்தான் அவருக்கு அன்றைய கூலி. மூன்று மாதம் என்னால் முடிந்ததைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

குற்றப்பத்திரிகை தாக்கலாகி சம்மன் வந்தது. கோர்ட் வாசலில் அடிக்கடி நிற்கிற ஒருவர், "ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டுப் போ, சலான் மாதிரிதான்" என்றார். நானும் பணத்தை எண்ணி வைத்துக்கொண்டேன். வக்கீல் மேடம்தான் தடுத்தார். "சலான் கட்டுறது வேற, இது வேற தம்பி. மாஜிஸ்திரேட் முன்னாடி குற்றத்தை ஒத்துக்கிட்டா, ஆயிரம் ரூபாய் ஃபைனா இருந்தாலும் அது தண்டனை. உங்க பேர்ல நிக்கும்." எனக்கு வளைகுடா வேலைக்குப் போலீஸ் சான்றிதழ் வேண்டியிருந்தது, பாஸ்போர்ட்டும் புதுப்பிக்க வேண்டியிருந்தது. வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட்டுக்குக் கோர்ட் அனுமதி வாங்க வேண்டும் என்பதும் அன்றுதான் தெரிந்தது. எங்கள் மாவட்டத்தில் பல வீடுகளில் ஒருவராவது வெளிநாட்டில் இருக்கிறார். இந்த வித்தியாசத்தை யாராவது முன்பே சொல்லியிருக்கக் கூடாதா என்று ஆத்திரமாக வந்தது.

வாய்தாவுக்குப் போகும்போதெல்லாம் வராந்தாவில் பெஞ்சில் காத்திருப்போம். ஒரு நாள் பக்கத்தில் இருந்தவர் வழக்கில் சிக்கிய அப்பா, வண்டி ஓட்டியது 16 வயது மகன். 2019 செப்டம்பர் முதல் இதில் வண்டி கொடுத்த பெற்றோர்தான் குற்றவாளி. மூன்று வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு ஒரு வருடம் ரத்து, பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. "டியூஷனுக்குத்தான் தம்பி கொடுத்தேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். இன்னொருவர் குடித்துவிட்டு ஓட்டியவர். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டினாலே போதும், யார் மேலும் மோத வேண்டாம், முதல் தடவைக்கே ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம், சில சமயம் இரண்டுமே. எங்கள் மூவருக்கும் அதுவரை போக்குவரத்துத் தவறு என்றால் சலான்தான்.

125(பி)-யைக் காயம்பட்டவர் சம்மதித்தால் கோர்ட் அனுமதியோடு சமரசம் செய்யலாம். 281-ஐ அப்படிச் செய்ய முடியாது. அண்ணன் வந்தார். மனுவில் அந்த வலது கையாலேயே மெதுவாகக் கையெழுத்துப் போட்டார். மாஜிஸ்திரேட் அவரிடம், யாராவது வற்புறுத்தினார்களா என்று கேட்டார். "இல்ல, அவன் அன்னைக்கு ஓடிப் போகல" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

281-க்கு என்ன சொல்வது என்பதை மேடம் என்னிடமே விட்டார். நடத்தினால் ஒருவேளை விடுதலையாகியிருப்பேன். ஆனால் ராங் சைடில் வந்தது நான்தான். அவர் எதிரிலேயே நின்றுகொண்டு, இல்லை என்று சொல்ல என்னால் முடியவில்லை. அது தண்டனை என்று தெரிந்தேதான் ஒத்துக்கொண்டேன். 1,000 ரூபாய் அபராதம்.

தீர்ப்பின் சான்றிட்ட நகலுக்கு அன்றே மனுப் போட்டு, இரண்டு பிரதி வாங்கினேன். ஒன்று பாஸ்போர்ட் கோப்பில் இருக்கிறது. இன்னொன்றை, எதையும் மறைக்காமல், வேலைக்கு எடுக்கிற கம்பெனிக்கு அனுப்பியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. அண்ணன் மறுபடி தோட்டத்துக்குப் போகிறார். குளிர் நாட்களில் கத்தி பிடிக்கையில் மணிக்கட்டு வலிக்கிறதாம்.