ஐந்து நாடு, ஒரு ஹெட்செட்

ஹெல்மெட்டில் மாட்டுகிற ப்ளூடூத் ஹெட்செட்டை வாங்கி வந்த அன்று வீட்டம்மா கேட்டது ஒரே கேள்விதான். "வண்டி ஓட்டும்போது அப்படி யார்கிட்ட பேசப் போறீங்க?" பதினான்காயிரம் ரூபாய் பில்லை மறைப்பதிலேயே கவனமாக இருந்ததால் சரியான பதில் சொல்லவில்லை.

பதில் மியூனிக்கில் கிடைத்தது. சித்தப்பா மகன் அங்கே ஏழு வருடமாக வேலை பார்க்கிறான். அவனிடம் சொந்த பைக் இருக்கிறது. நான் வாடகைக்கு ஒன்று எடுத்துக்கொண்டேன். கோவை ஆர்டிஓவில் வாங்கிய இன்டர்நேஷனல் பர்மிட்டையும் நம் ஊர் லைசென்ஸையும் சேர்த்து நீட்டியதும் சாவி கைக்கு வந்தது. கிளம்பிப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. ஒரு பெட்ரோல் பங்கிலிருந்து வெளியே வந்து, முப்பது வருடப் பழக்கத்தில் இடது பக்கமாக ஏறினேன். "அண்ணா, வலது! வலது!" என்று தம்பி காதுக்குள் அலறினான். எதிரே ஒரு பால் லாரி. அன்று அந்த ஹெட்செட்டுக்குக் கொடுத்த காசு மொத்தமும் வசூலாகிவிட்டது.

அடுத்த பாடம் சிவப்பு விளக்கில். மேப் எங்கேயோ சுற்றிக்கொண்டிருந்ததால், போனை ஹோல்டரிலிருந்து கழற்றிக் கையில் எடுத்தேன். "உள்ள வைங்கண்ணா, போலீஸ் பார்த்தா நூறு யூரோ" என்றான். வண்டி நிற்கிறதே என்றால், எஞ்சின் ஓடுகிறதே என்கிறான். ஜெர்மனியில் போன் ஹோல்டரில் இருக்கும்வரை ஒரு கணம் பார்க்கலாம், குரலால் ஏவலாம். கையில் எடுப்பதாக இருந்தால் எஞ்சின் முழுசாக அணைந்திருக்க வேண்டும். கார்கள் சிக்னலில் தானாக அணைந்துகொள்கின்றனவே, அதுகூட அணைத்த கணக்கில் சேராது. மாட்டினால் அபராதத்தோடு அவர்கள் லைசென்ஸில் ஒரு குற்றப் புள்ளியும் ஏறும்.

நம் ஊரில் ஹெல்மெட்டுக்கும் கன்னத்துக்கும் நடுவே போனைச் சொருகிக்கொண்டு அவிநாசி ரோட்டில் குடும்ப விவகாரம் பேசுகிறவர்களை நினைத்துக்கொண்டேன். நம்மிடமும் சட்டம் இல்லாமல் இல்லை. 2020 அக்டோபரிலிருந்து, ஓட்டுகிற கவனம் கெடாதபடி வழி பார்க்க மட்டும் போனைப் பயன்படுத்தலாம் என்று விதியே இருக்கிறது. அதில் 'மட்டும்' என்ற சொல்லை யாரும் படிப்பதில்லை.

போனை வெறும் கிளிப்பில் மாட்டினால் கேமரா போய்விடும் என்பதும் தம்பி சொல்லித்தான் தெரியும். பெரிய எஞ்சினின் அதிர்வு நாளடைவில் கேமரா லென்ஸைக் கெடுக்கலாம் என்று ஆப்பிளே 2021-ல் எச்சரித்திருக்கிறதாம். ஹோல்டருக்கு அடியில் ரப்பர் வைத்த டேம்பர் ஒன்றைப் போட்டுக் கொடுத்தான்.

ஆஸ்திரியாவுக்குள் நுழைந்ததும் நேவிகேஷன் ஹான்டென்யோக் என்ற மலைப்பாதையைக் காட்டியது. படங்களில் பார்த்து நான் ஆசைப்பட்டு வைத்திருந்த பாதை. தம்பி ஓரமாக நிறுத்தி, தன் வண்டிப் பதிவுச் சீட்டை எடுத்து 'யூ.1' என்ற கட்டத்தைக் காட்டினான். 96 என்று இருந்தது. வண்டி நின்றபடி உறுமும்போது எத்தனை டெசிபெல் சத்தம் என்கிற கணக்கு அது. டிரோல் மாநிலத்தின் ரொய்ட்டே வட்டாரத்தில் சில சாலைகளில் 2020-லிருந்து கோடைக்காலத்தில் 95-ஐத் தாண்டிய பைக்குகளுக்கு அனுமதி இல்லை. என் வாடகை வண்டி 91. ஒரே ஒரு டெசிபெல்லுக்காக இரண்டு பேரும் ஃபெர்ன் கணவாய் வழியாக, கேரவன்களுக்குப் பின்னால் ஊர்ந்தோம். அந்த விவரம் எங்கள் நேவிகேஷனுக்குத் தெரியவே தெரியாது. "திரும்பவும், திரும்பவும்" என்று அந்தம்மா அரை மணி நேரம் கெஞ்சிக்கொண்டே வந்தார்.

இத்தாலியில் ரெஷன் ஏரிக்கு நடுவே மணிக்கூண்டு மட்டும் தலைநீட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தோம். 1950-ல் அணைக்காக மூழ்கடித்த ஊரின் தேவாலயம். மேட்டூரில் தண்ணீர் இறங்கும்போது தெரியும் நந்தி நினைவுக்கு வந்தது. அங்கிருந்து ஸ்டெல்வியோ கணவாய், 2757 மீட்டர் உயரம். பிராட் ஊர்ப் பக்கமிருந்து ஏறினால் 48 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றிலும் எண் பொறித்த கல். கொல்லிமலையின் எழுபதைப் பார்த்த நமக்கு இதென்ன என்று ஏறினால், பத்தாவது வளைவிலேயே கிளட்ச் கை மரத்துப்போகிறது. இங்கே நேவிகேஷனை வாயடைக்கச் சொல்லிவிட்டேன். முன்னால் போகிற தம்பி "மேலேர்ந்து பஸ் வருது", "சைக்கிள் ரெண்டு" என்று சொன்னதுதான் உதவியது. குருட்டு வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன வருகிறது என்பது எந்தச் செயற்கைக்கோளுக்கும் தெரியாது.

உச்சியில் கடுகு தடவிய சாசேஜ் பன்னைத் தின்றுகொண்டே தம்பி என் போனை வாங்கினான். ஸ்பீடு கேமரா வந்தால் 'டிங்' என்று எச்சரிக்கும் ஆப் ஒன்றை நான் பெருமையாகப் போட்டு வைத்திருந்தேன். ஜெர்மனியிலேயே ஓட்டும்போது அது கூடாது, 75 யூரோ என்று பின்னால் தெரிந்தது. உம்பிரைல் கணவாயில் இறங்கினால் ஸ்விட்சர்லாந்து. அங்கே கேமராவைக் காட்டிக்கொடுக்கும் கருவியைக் கையோடு வைத்திருப்பதே குற்றம். பிடித்தால் அபராதம் மட்டுமில்லை, கருவியையே பறிமுதல் செய்து அழித்துவிடலாம். தம்பி ஆப்பை நீக்கியதோடு, தன் பழைய ஜிபிஎஸ்ஸில் இருந்த கேமராப் பட்டியலையும் ஒவ்வொன்றாக அழித்தான். பன் ஆறிப்போயிற்று. அதன் பிறகு ஸ்விஸ்ஸில் ஊருக்குள் 50, வெளியே 80 என்று, நான் பரீட்சை எழுதுகிற பையன் மாதிரி ஓட்டினேன்.

ஃபுர்கா கணவாயில் கொட்டிய மழையில் ஹெட்செட் செத்தது. கம்பெனியைக் குறை சொல்ல முடியாது. காலையில் சார்ஜ் போட்டுவிட்டு அந்தச் சின்ன ரப்பர் மூடியை மூட மறந்தவன் நான். கிரேட் செயின்ட் பெர்னார்ட் கணவாயைத் தாண்டி மறுபடி இத்தாலிக்குள், ஆஓஸ்தாவில் இறங்கியதும், போனோடு கொண்டு போயிருந்த இயர்பட் ஒன்றை வலது காதில் சொருகி, மேலே ஹெல்மெட்டைக் கவிழ்த்துக்கொண்டேன். தம்பி யோசித்துவிட்டு, "இங்க பரவாயில்லை" என்றான். இத்தாலியில் இரண்டு காதும் நன்றாகக் கேட்கிற ஓட்டுநர் இயர்போன் மாட்டிப் பேச சட்டத்தில் இடமிருக்கிறது. 'இங்க' என்று அவன் அழுத்திச் சொன்னதை நான்தான் கவனிக்கவில்லை.

பெத்தி செயின்ட் பெர்னார்ட் கணவாய், 2188 மீட்டர். உச்சியில் பழங்காலக் கல்வட்டம் ஒன்று, எல்லை அங்கேதான். பிரான்ஸ் என்ற பலகை இருந்தது, வேக வரம்புப் பலகை இருந்தது, காதைப் பற்றி ஒன்றும் இல்லை. கீழே இறங்கிய முதல் ஊரில் போலீஸ் ஓரங்கட்டச் சொன்னது. ஹெல்மெட்டைக் கழற்றியபோது இயர்பட் காதிலிருந்து தெறித்து, அவருடைய பூட்ஸுக்குப் பக்கத்தில் போய் விழுந்தது. இதைவிட நேர்மையாகக் குற்றத்தை ஒப்புக்கொள்ள யாராலும் முடியாது.

பிரான்ஸில் 2015 ஜூலை 1 முதல் ஓட்டுகிறவர் காதில் சத்தம் தரும் எதையும் மாட்டக் கூடாது. ஒரு காது, இரண்டு காது, பாட்டு, பேச்சு என்ற பேதம் கிடையாது; காது கேளாதோரின் கருவிக்கு விலக்கு உண்டு. ஹெல்மெட்டுக்குள் பதித்த ஸ்பீக்கர் காதுக்குள் நுழைவதில்லை என்பதால் அது சரி. அதாவது செத்துப்போன என் ஹெட்செட் சட்டப்படி செல்லும், உயிரோடிருந்த இயர்பட் செல்லாது. அபராதம் 135 யூரோ. அங்கேயே கட்டினால் 90. அந்த ஊர் லைசென்ஸாக இருந்தால் மூன்று புள்ளிகளும் போயிருக்கும் என்று தம்பி மொழிபெயர்த்தான். கையுறையையும் திருப்பிப் பார்த்தார்கள். உள்ளே சிஇ என்ற ஐரோப்பியத் தர முத்திரை இருந்ததால் இன்னொரு ரசீது மிச்சம். கிட்டத்தட்ட ஒன்பதாயிரம் ரூபாய். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

இசெரான் கணவாய்க்கு நான் செவிடனாகத்தான் போனேன். தம்பி முன்னால்; வேகம் குறைக்க உள்ளங்கை கீழே, பள்ளம் வந்தால் கால் அந்தப் பக்கம். ஒரு கார் ஒதுங்கி வழி விட்டது. தம்பி வலது காலை நீட்டி ஆட்டினான். யாரையோ உதைக்கிறான் என்று பதறினேன். பிரான்ஸில் பைக்காரர்கள் நன்றி சொல்வது அப்படித்தானாம், ஆக்ஸிலேட்டர் கையை எடுக்க முடியாதே. அடுத்த காருக்கு நானும் காலை நீட்டினேன். ஷூ லேஸ் அவிழ்ந்து பறந்தது.

வால் தீஸேரில் பெட்ரோல் போட்டுவிட்டுக் கிளம்பினோம். தம்பி சாலையில் ஏறி ஐம்பது அடி போய் நின்றான். நான் பங்கின் வாசலில். காதில் எஞ்சின் சத்தத்தைத் தவிர எதுவும் இல்லை. எந்தப் பக்கம் என்று மனசு ஒரு கணம் தடுமாறியது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. வலது கையை மட்டும் பக்கவாட்டில் நீட்டி, நான் வந்து சேரும்வரை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தான்.