தடைக்காலமும் ஒரு பேஸ் கிடாரும்

ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை எங்களுக்கு மீன்பிடித் தடை. 61 நாள் கடல் கிடையாது. வலை சரிபார்ப்பது, போட்டுக்கு பெயிண்ட் அடிப்பது போக மிச்சமெல்லாம் சும்மா இருக்கிற நேரம்தான். தங்கச்சிமடத்தில் எங்கள் கோயில் பாடகர் குழுவில் பேஸ் (அடி சுருதி தருகிற நாலு கம்பிக் கிடார்) வாசித்த அண்ணன் சவூதிக்குப் போனதிலிருந்து அந்தக் கிடார் மூலையில் சாத்தியே கிடந்தது. கேட்டு வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

முதல் வாரம் விரலால்தான் வாசித்தேன். கயிறு இழுத்து வெடித்த விரல்கள்; கெளுத்தி முள் குத்திய இடம் வேறு ஆறவில்லை. நாலில் ஆகத் தடித்த ஈ கம்பியில் பத்து நிமிஷம் தாங்கவில்லை. கீபோர்டு வாசிக்கும் நண்பன் பார்த்துவிட்டு, "பிக் வச்சு அடிடா மாப்ள" என்றான். பிக் என்பது கம்பியைத் தட்டுகிற சின்ன பிளாஸ்டிக் வில்லை. பேஸை பிக்கால் வாசிப்பது ஏதோ குறுக்கு வழி என்று எனக்கு ஒரு நினைப்பு. 1960-களில் லாஸ் ஏஞ்சலஸ் ஸ்டூடியோக்களில் எக்கச்சக்கமான பாட்டுகளுக்கு வாசித்த கரோல் கே பிக்கால்தான் வாசித்தார் என்று அவன் சொன்ன பிறகு வீம்பு பண்ணவில்லை.

ஒரு பிக் வாங்க மதுரை வரை போவதா? காலாவதியான ஏடிஎம் கார்டைக் கத்தரித்து உப்புத்தாளில் தேய்த்தேன். கார்டின் கனம் 0.76 மில்லிமீட்டர். சாதாரண கிடாருக்குப் போதும். மெல்லிய ஜி கம்பி, டி கம்பி வரை நன்றாகத்தான் இருந்தது. ஈ கம்பிக்கு வந்தால் கம்பி அசைவதற்கு முன்னால் கார்டு வளைந்துவிடுகிறது. நோட்டு கேட்பதற்கு முன் 'சடக்' என்று கார்டு சத்தம்தான் கேட்கிறது. அடுத்து, உடைந்துபோன பிளாஸ்டிக் வலை ஊசியில் ஒரு துண்டு. கிட்டத்தட்ட 2 மில்லிமீட்டர். வளையவே இல்லை, சத்தமும் உருண்டையாக வந்தது. முனையை மழுங்கத் தேய்க்க ஒரு சாயங்காலம் போனது. இன்றுவரை அதுதான் என் பிக்.

பிடிப்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஆட்காட்டி விரலை மடக்கி, அதன் பக்கவாட்டில் பிக்கை வைத்து, மேலே கட்டைவிரலால் அழுத்த வேண்டும். வெளியே நீட்டுவது அரைச் சுண்டுவிரல் நகம் அளவுதான். நான் முதலில் பாதி பிக்கை வெளியே விட்டேன், ஒவ்வொரு அடியிலும் கம்பியில் சிக்கியது. பிக்கைச் சாய்த்தால் கம்பியில் சிக்காமல் வழுக்கிப் போகிறது, ஆனால் கம்பி மேல் சுற்றியிருக்கிற மெல்லிய கம்பியில் உரசி 'சர்ர்' என்கிறது. நேராக வைத்தால் அடி சுத்தம், கை சீக்கிரம் வலிக்கிறது. நான் லேசாகச் சாய்த்தே வாசிக்கிறேன்.

கீழே அடி, மேலே அடி என்று மாற்றி மாற்றி வாசிப்பதுதான் மூன்று வாரம் தின்றது. மேல் அடி எப்போதும் நொண்டியது. தாளம் தட்டிக் காட்டுகிற மெட்ரோனோமை நிமிஷத்துக்கு 60 தட்டில் வைத்து ஒரே கம்பியில் மணிக்கணக்காக அடித்தேன். பக்கத்து வீட்டு அத்தை "ஜெனரேட்டரா ஓடுது?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

ஆனால் அடிப்பது பெரிய பாடில்லை. அடக்குவதுதான் பாடு. விரலால் வாசிக்கும்போது தட்டிய விரல் பக்கத்துக் கம்பியில் போய்ச் சாய்ந்து நிற்கும், கட்டைவிரல் மேல் கம்பியில் கிடக்கும். கம்பிகள் தானாக வாயை மூடிக்கொள்ளும். பிக்கில் எதுவும் எதன் மேலும் சாய்வதில்லை. ஏ கம்பியிலிருந்து ஜி கம்பிக்குத் தாவினால் இடையிலுள்ள டி கம்பி ஊளையிடும். உள்ளங்கையின் சுண்டுவிரல் ஓரத்தை பிரிட்ஜ் (கிடார் உடம்பில் கம்பிகளின் முனை மாட்டியிருக்கிற இடம்) பக்கம் லேசாக வைத்தேன். கொஞ்சம் உள்ளே தள்ளினால் நோட்டே செத்து 'தொப்' என்கிறது, வெளியே இழுத்தால் ஊளை. நடுவில் ஒரு நெல் அகலத்தில் இருக்கிறது அந்த இடம். பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சை வெட்டிக் கம்பிகளுக்கு அடியில் செருகியும் பார்த்தேன். சுலபம்தான், ஆனால் நீட்டி ஒலிக்க வேண்டிய பாட்டுக்கு உதவாது. எடுத்துவிட்டேன்.

இடையில் உப்புக் காற்று. பதினைந்து நாளில் கம்பியெல்லாம் மங்கிப்போனது. புது செட் வாங்கக் காசில்லை, கழற்றிச் சட்டியில் போட்டு வேகவைத்தேன். "நண்டா?" என்று எட்டிப் பார்த்த அம்மா, அதற்குப் பிறகு அந்தச் சட்டியில் சமைக்கவில்லை. அழுக்கு போய் ஒரு வாரம் கணீரென்று இருந்தது. துரு போகாது. இப்போது வாசித்து முடித்ததும் துணியால் துடைத்துப் பைக்குள் போடுகிறேன். முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

மே கடைசியில் கோயிலில் வாசித்துப் பார்த்தோம். பேஸுக்கென்று தனி ஆம்ப் (சத்தத்தைக் கூட்டுகிற பெட்டி) இல்லை, கீபோர்டு போகிற அதே சின்ன ஸ்பீக்கர்தான். ஈ கம்பியின் அடி சுருதி சுமார் 41 ஹெர்ட்ஸ். அதை அந்த ஸ்பீக்கரால் எடுக்கவே முடியாது. விரலால் வாசித்தபோது ஏதோ முனகல்தான் வந்தது. பிக்கை எடுத்ததும் அடியின் தொடக்கம் பளிச்சென்று கேட்டது, தாளம் தட்டுகிற தம்பி நிமிர்ந்து பார்த்தான். பாடகர் குழு மாஸ்டர் மட்டும், "நல்லாருக்கு. பாட்டு முடிஞ்சா நீயும் முடிச்சிரு" என்றார்.

இப்போது மறுபடி வாரம் மூணு நாள் கடல். முதல் இழுப்பிலேயே விரல் பழையபடி ஆகிவிட்டது, பிக் இருப்பதால் பரவாயில்லை. போன ஞாயிறு கடைசிப் பாட்டில் எல்லாரும் நிறுத்தினார்கள். நானும் நிறுத்தினேன். டி கம்பி நிறுத்தவில்லை.