கிடாய்க்காக ஆடும் ஊர்: சிம்டேகா பயணம்
ராஞ்சியிலிருந்து சிம்டேகா ஏறத்தாழ 150 கிலோமீட்டர்தான். நான்கு மணி நேரத்தில் இறக்கிவிடுவதாகச் சொல்லி என்னை ஏற்றிக்கொண்ட தனியார் பேருந்து, கை காட்டிய ஒவ்வொருவருக்கும் நின்று, கூரையில் நெல் மூட்டைகளையும் என் காலடியில் ஒரு கூடை கோழிகளையும் சேர்த்துக்கொண்டு ஆறரை மணி நேரம் எடுத்துக்கொண்டது. என்னிடம் மட்டும் 50 ரூபாய் கூடுதலாக வாங்கியிருக்கிறார்கள் என்பது, பக்கத்து இருக்கைக்காரர் பணம் கொடுத்தபோதுதான் தெரிந்தது. நாளொன்றுக்கு 1,200 ரூபாய் என்று நான் போட்டிருந்த கணக்கு முதல் நாளே உதைத்தது.

இவ்வளவு பாடும் ஹாக்கி வீராங்கனை சலிமா டெட்டேவின் மாவட்டத்தைப் பார்ப்பதற்காக. ஜார்க்கண்ட் என்றதும் தோனியோடு நிறுத்திக்கொள்ளும் நண்பர்கள் மீது எனக்கு உண்மையாகவே எரிச்சல் உண்டு. இங்குள்ள பட்கிசாபர் கிராமத்தில் 2001-இல் பிறந்த சலிமா, 2018 இளையோர் ஒலிம்பிக்கில் ஐவர் ஹாக்கி அணிக்குத் தலைமையேற்று வெள்ளி வென்றவர். டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்ற இந்திய அணியில் ஆடியவர். 2024 மே மாதம் இந்திய மகளிர் அணியின் தலைவியானவர்.

பேருந்து நிலையத்தருகே தின்ற துஸ்காவைச் சொல்லாமல் போனால் பாவம். அரிசியையும் கடலைப்பருப்பையும் ஊறவைத்து அரைத்து எண்ணெயில் பொரித்தெடுக்கும் பண்டம் அது. ஓரம் மொறுமொறுப்பாகவும் நடுப்பகுதி ஆப்பம்போல் மெத்தென்றும் இருக்க, உருளைக்கிழங்குக் குழம்போடு ஆறு உள்ளே போயின. அறுபது ரூபாய்க்கு அதைவிட நல்ல காலை உணவை நான் அண்மையில் உண்டதில்லை.

கிராமங்களைச் சுற்றிக்காட்ட ஆட்டோக்காரர் 900 ரூபாய் கேட்டார். பேரம் பேசியும் 800-க்குக் கீழே இறங்கவில்லை. வழியில் ஒரு மைதானத்தில் ‘கஸ்ஸி’ ஹாக்கிப் போட்டி நடப்பதைக் கண்டதும் என்னைக் கேளாமலே வண்டியை ஓரங்கட்டிவிட்டார். கஸ்ஸி என்றால் காயடித்த கிடாய். வெல்லும் அணிக்கு அதுவே பரிசு. எல்லைக்கோட்டருகே வேப்பமரத்தில் கட்டியிருந்த அந்தக் கிடாய் தன்னைப் பற்றித்தான் இத்தனை ஆரவாரமும் என்பதை அறியாமல் தழை மென்றுகொண்டிருந்தது. செம்மண் தரை முழுக்க மேடு பள்ளம். பந்து உருள்வதைவிடத் துள்ளுவதே அதிகம். கணுக்கால் உயரத்துக்கு எகிறிய பந்தை, வெறுங்காலுடன் ஓடிவந்த ஒரு சிறுமி மூங்கில் மட்டையால் தட்டி அடக்கிய விதத்தைப் பார்த்தபோது, செயற்கைப் புல்தரையில் இந்தப் பெண்களுக்கு ஏன் கை இத்தனை விரைவாக ஓடுகிறது என்பது புரிந்தது.

ஆட்டோக்காரரோ பழைய கணக்கைத் தொடங்கிவிட்டார். 2023 நவம்பரில் ராஞ்சியில் நடந்த ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை இறுதிப் போட்டியில் ஜப்பானை 4-0 என்று வீழ்த்திய இந்திய மகளிர் அணி, இரண்டே மாதங்களில் அதே திடலில் அதே ஜப்பானிடம் 0-1 என்று தோற்றுப் பாரிஸ் ஒலிம்பிக் வாய்ப்பை இழந்ததை, ஏதோ தன் வீட்டு எருது செத்ததுபோலச் சொன்னார். 2024-இல் சலிமாவின் தலைமையில் பீகாரின் ராஜ்கிரில் சீனாவை 1-0 என்று வென்று கோப்பையைத் தக்கவைத்த கதைக்கு வந்ததும்தான் முகம் தெளிந்தது.

பரிசளிப்பு முடியாமல் வண்டியை எடுக்க மறுத்துவிட்டார். திரும்புகையில், வென்ற அணியின் மூன்று பெண்களும் அந்தக் கிடாயும் நான் முழு வாடகை கொடுத்த ஆட்டோவிலேயே ஏறிக்கொண்டனர். கிடாய் என் பையின் வாரை மென்றது. வாடகையில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை.