மருந்து பட்டியலில் இருந்தது, எழுதிய வரிதான் தவறு

அம்மாவின் சிகிச்சைக்குப் பணம் தர மறுத்துக் காப்புறுதி நிறுவனத்திடமிருந்து கடிதம் வந்த அன்று நான் வேலையில் இருந்தேன். பிரித்துப் படித்தது அம்மா. மாலையில் சிங்கப்பூர் உட்லண்ட்ஸ் வீட்டுக்குள் நுழைந்தபோது, சாப்பாட்டு மேசையில் அந்தத் தாளை விரித்து ஒரு சொல்லின் மேல் விரலை வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"என்னம்மா, பரவிடுச்சா? என்கிட்ட மறைச்சிட்டீங்களா எல்லாரும்?"

விரலுக்கு அடியில் 'மெட்டாஸ்டாடிக்' என்று இருந்தது. உடலின் வேறு இடங்களுக்குப் பரவிய நோய் என்று பொருள்.

பரவவில்லை. அம்மாவுக்கு வந்தது ஆரம்பக் கட்ட மார்பகப் புற்றுநோய். அறுவை சிகிச்சையும் கீமோவும் முடிந்துவிட்டன. திரும்ப வராமலிருக்க மூன்று வாரத்துக்கு ஒருமுறை டிராஸ்டூசுமாப் என்ற மருந்தை ஏற்றுகிறார்கள், அவ்வளவுதான். மறுநாள் காலை, அம்மாவுக்கு மருந்து ஏற்றும் மருந்தகத்துக்கு (கிளினிக்) தொலைபேசியில் அழைத்தேன். "பரவல எதுவும், படிவத்துல அப்படித்தான் வரும்" என்றார் தாதி. அந்தப் பதிலை நம்பியதுதான் நான் செய்த தப்பு. அன்றே விடாமல் கேட்டிருந்தால் ஐந்து வாரம் அலைந்திருக்க வேண்டாம்.

பணம் தர மறுப்பதற்குக் காப்புறுதி நிறுவனத்தின் கடிதம் சொன்னது ஒரே ஒரு காரணம்: ஆதரவு ஆவணங்கள் போதவில்லை. ஏதோ தாள் விடுபட்டிருக்கிறது என்றுதான் நானும் நினைத்தேன். மருந்தக முகப்பில் இருந்த பெண், "அக்கா, நாங்க எல்லாத்தையும் அனுப்பிட்டோம், பதாலஜி அறிக்கையை மட்டும் கொண்டு வாங்க" என்றார். திசுவைச் சோதித்து எழுதும் அறிக்கை அது. அரைநாள் விடுப்பு எடுத்து, அறுவை சிகிச்சை நடந்த மருத்துவமனைக்குப் போய் வாங்கி வந்தேன். கொடுத்தால், கோப்பைப் புரட்டிவிட்டு, "இது ஏற்கனவே இருக்கே" என்றார். காப்புறுதி நிறுவனத்தை அழைத்தால், "உங்க மருந்தகத்தைக் கேளுங்க." இதற்கிடையில் அடுத்த ஊசி வந்துவிட்டது, முழுப் பணத்தையும் கட்டினோம்.

இந்த விதிகள் எப்போது மாறின என்பது சிகிச்சையில் இருக்கும் குடும்பங்களுக்குத் தெரிந்திருக்கும். முன்பெல்லாம் எந்தப் புற்றுநோய் மருந்தாக இருந்தாலும் அரசாங்கத்தின் அடிப்படை மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃப் மாதம் 3,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை கொடுக்கும். 2022 செப்டம்பர் 1 முதல் சுகாதார அமைச்சின் பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்குத்தான் பணம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வரம்பு வைத்தார்கள், மாதம் 200 வெள்ளியிலிருந்து 9,600 வரை. 2023 ஏப்ரல் முதல் தனியார் நிறுவனங்களின் ஒருங்கிணைந்த காப்புறுதித் திட்டங்களும் அதே பட்டியலைப் பின்பற்றுகின்றன. நான் கவனிக்காமல் விட்டது இதைத்தான்: பட்டியலில் மருந்தின் பெயர் இருந்தால் மட்டும் போதாது. எந்தப் புற்றுநோய், எந்தக் கட்டம், எந்த மருந்தோடு சேர்த்து என்று ஒரே மருந்துக்குத் தனித்தனிப் பதிவுகளாகப் பல வரிகள் இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு அமைச்சின் இணையத்தளத்தில் அந்தப் பட்டியலைத் திறந்து, டிராஸ்டூசுமாப் வரிகளை ஒவ்வொன்றாகக் கடிதத்தோடு ஒப்பிட்டேன். அப்போதுதான் தெரிந்தது. மருந்தகம் அனுப்பிய கோரிக்கை பரவிய நோய்க்கான வரியில் போயிருக்கிறது. பதாலஜி அறிக்கையோ ஆரம்பக் கட்டம் என்கிறது. இரண்டும் முரண்படுவதால் அங்கே நிறுத்திவிட்டார்கள். ஆவணம் எதுவும் குறையவில்லை. வரி மட்டும் மாறியிருந்தது. அம்மா முதல் நாளே விரல் வைத்த அதே சொல்.

திங்கட்கிழமை பட்டியலையும் அறிக்கையையும் அச்செடுத்து, இரண்டு வரிகளுக்கும் மஞ்சள் பூசி எடுத்துப் போனேன். இந்த முறை முகப்பில் பேசவில்லை. மருத்துவரைப் பார்த்தே பேசுவேன் என்று உட்கார்ந்துவிட்டேன். அவர் பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொண்டார், மன்னிப்பும் கேட்டார். திருத்திய கோரிக்கையை அன்றைக்கே அனுப்பினார்கள். பத்து நாளில் ஒப்புதல் வந்தது. நாங்கள் ஏற்பது பத்து விழுக்காடு, அதற்கு மருத்துவச் செலவுக்கான சேமிப்புக் கணக்கான மெடிசேவ் இருக்கிறது. கட்டிய பணம் திரும்பி வந்தது.

இவ்வளவு அலைந்த பிறகும் அந்தப் பட்டியல் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். எந்த மருந்துக்கும் ஒரே 3,000 வெள்ளி கிடைக்கும் என்றால் மருந்து நிறுவனம் விலையைக் குறைக்க என்ன அவசியம்? பட்டியலுக்குள் வர வேண்டும் என்றால் அமைச்சோடு பேரம் பேசித்தான் ஆக வேண்டும். டிராஸ்டூசுமாப் விஷயத்தில் காப்புரிமைக் காலம் முடிந்து, வேறு நிறுவனங்கள் தயாரிக்கும் உயிரி ஒப்புமை மருந்துகளும் வந்துவிட்டன. அம்மாவுக்கு ஏற்றுவதும் அப்படி ஒன்றுதான். போட்டி இருக்கும் இடத்தில் நம் கையிலிருந்து போவது குறைகிறது, அதைக் கண்ணால் பார்க்கிறேன்.

ஆனால் பக்கத்து நாற்காலியில் மருந்து ஏற்றிக்கொள்ளும் அக்காவுக்கு அப்படியில்லை. அவருடைய மருந்து புதிது. இங்கே விற்க அனுமதி கிடைத்துவிட்டது, ஆனால் அவருடைய நோய்க்குப் பட்டியலில் இன்னும் வரி இல்லை. காப்புறுதித் திட்டத்தோடு சேர்த்து வாங்கும் கூடுதல் காப்புறுதியான ரைடரும் எடுக்கவில்லை. "அடுத்த தடவை பட்டியலைப் புதுப்பிக்கும்போது வரும்னு டாக்டர் சொல்றார்மா" என்றார், கையிலிருந்த ஊசியைப் பார்த்துக்கொண்டே. அதுவரை மாதாமாதம் சேமிப்பிலிருந்து கட்டுகிறார். விலை பேசி முடிக்க நாளாகும் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த நாள்களின் செலவு முழுவதும் நோயாளியின் தலையில் விழுவது சரியில்லை. இடைக்காலத்துக்கு ஏதாவது வழி வேண்டும்.

சிகிச்சை தொடங்கப் போகிறவர்கள், "மருந்து பட்டியலில் இருக்கிறதா" என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். எந்த வரியில் கோரிக்கை அனுப்பப் போகிறார்கள் என்று கேட்டு, முதல் ஊசிக்கு முன்பே எழுதி வாங்குங்கள். பதாலஜி அறிக்கையின் நகலைக் கைப்பேசியிலும் வைத்திருங்கள். கோரிக்கை மறுக்கப்பட்டால் அதோடு முடிந்தது என்று நினைக்க வேண்டாம், திருத்தி மறுபடி அனுப்பலாம். ரைடர் வைத்திருந்தால், பட்டியலில் இல்லாத மருந்துக்கும் அது பணம் தருமா என்று இன்றைக்கே பாருங்கள். அப்புறம், கடிதம் யார் கைக்குப் போகிறது என்பதையும் பாருங்கள். நான் இப்போது முகவரியை என் பெயருக்கு மாற்றிவிட்டேன்.

அம்மாவுக்கு இன்னும் ஏழு ஊசி பாக்கி. திருத்திய கடிதத்தை அவரிடம் காட்டினேன். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து கடைசி வரை அந்தச் சொல்லைத் தேடினார். இல்லை என்று தெரிந்த பிறகுதான் தாளை மடித்துக் கொடுத்தார்.