பச்சை மண்ணும் முட்டை மஞ்சள்கருவும்: லண்டனில் ஓவியம் படித்தல்

இங்கிலாந்தில் வாடகைக்குக் கிடைக்கும் அறைகளில் பெரும்பாலும் தரையை மூடிக் காப்பெட் விரித்திருப்பார்கள். ஓவியம் படிக்க வருகிறவர்களுக்கு இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. எண்ணெய் வண்ணம் அதில் ஒரு சொட்டு விழுந்தால் போகாது. முற்பணமாகக் கட்டிய ஐந்து வார வாடகையில் அதற்குக் கழித்துக்கொள்வார்கள். வண்ணத்தைக் கரைக்கும் டேர்ப்பன்டைனின் மணம் வேறு, ஜன்னல் திறக்க முடியாத குளிர்காலத்தில் வீடு முழுக்கப் பரவும். நான் இருக்கும் வீட்டு அக்கா யாழ்ப்பாணத்தவர். சாவியைத் தரும்போதே, "தங்கச்சி, நீங்கள் கீறுறதைப் பற்றி எனக்கு ஒண்டுமில்லை. காப்பெட்டிலை மட்டும் ஒண்டும் ஊத்திப்போடாதேங்கோ" என்றார்.

கல்லூரி ஸ்டூடியோவில் எண்ணெய் வண்ணம் தீட்டலாம். ஆனால் மாணவர் விசாவில் தவணைக் காலத்தில் வாரத்துக்கு 20 மணித்தியாலம் வேலை செய்ய அனுமதி உண்டு, அந்த 20 மணித்தியாலமும் செய்தால்தான் வாடகை கட்டமுடியும். வகுப்பும் வேலையும் போக எனக்கென்று மிஞ்சியது இரவும் இந்தச் சின்ன அறையும்தான். வீட்டில் செய்யக்கூடிய, மணமில்லாத, தண்ணீரில் கழுவக்கூடிய ஒரு முறை தேவைப்பட்டது. அப்படித்தான் முட்டை டெம்பராவுக்கு வந்தேன். இன்றைக்கு அதைவிட்டு எண்ணெய்க்குத் திரும்ப மனமில்லை.

முறை மிகப் பழையது. மஞ்சள்கருவை வெள்ளைக்கருவிலிருந்து பிரித்து, கடதாசித் துவாயில் மெல்ல உருட்டி ஈரத்தை எடுக்கவேண்டும். பிறகு அந்த உருண்டையை இரண்டு விரலால் தோலோடு தூக்கிப் பிடித்து, கீழே கத்தி நுனியால் குத்தினால் மஞ்சள்கரு கிண்ணத்துக்குள் வடியும், தோல் விரலோடு நின்றுவிடும். அதில் கொஞ்சம் தண்ணீர் கலந்து, ஏற்கெனவே தண்ணீரில் குழைத்து வைத்த நிறப்பொடியோடு சேர்த்தால் வண்ணம் தயார். நிறப்பொடியைக் கையாளும்போது முகக்கவசம் போடவேண்டும், சமையல் பாத்திரங்களோடு எதையும் கலக்கக் கூடாது. வெள்ளைக்கரு அக்காவின் மகனுக்குப் போகும். ஜிம்முக்குப் போகிற பிள்ளை, அவனுக்கு அது நல்ல சந்தோஷம்.

டெம்பரா தூரிகை பட்ட சில விநாடிகளிலேயே காய்ந்துவிடும். எண்ணெயில் செய்வதுபோல் இரண்டு நிறங்களை ஈரத்தோடு ஈரமாகத் தேய்த்து இணைக்க முடியாது. மெல்லிய கோடுகளாக, ஒன்றன் பக்கத்தில் ஒன்று, பிறகு அதன் மேல் ஒன்று என்று போட்டுக்கொண்டே போகவேண்டும். கன்னத்தின் வளைவு வேண்டுமென்றால் கோடும் அந்த வளைவைப் பின்பற்றவேண்டும். மட்டக்களப்பில் படித்தபோது நீர்வண்ணத்தில் வேகமாக வேலை செய்து பழகிய கை இது. இந்த மெதுவான வேலைக்கு அதைப் பழக்க ஒரு தவணையே போய்விட்டது.

இதையெல்லாம் எனக்குக் கற்றுத்தந்த முதல் ஓவியம் டிரஃபல்கர் சதுக்கத்து நேஷனல் கலரியில் இருக்கிறது: வில்டன் டிப்டிக். 1395க்கும் 1399க்கும் இடையில், இரண்டாம் ரிச்சர்ட் மன்னருக்காக ஓக் பலகையில் முட்டை டெம்பராவில் தீட்டியது. யார் வரைந்தார் என்று தெரியாது. கீல் போட்டு மூடித் திறக்கக்கூடிய இரண்டு பலகைகள், ஒவ்வொன்றும் 53க்கு 37 சென்டிமீற்றர். ஒரு பக்கம் மண்டியிட்டிருக்கும் மன்னர், மறுபக்கம் குழந்தையை ஏந்திய மரியாளும் நீல உடையில் பதினொரு தேவதூதர்களும். அந்த நீலம் உண்மையான அல்ட்ராமரைன், லாபிஸ் லசூலிக் கல்லை அரைத்து எடுத்தது. அச்சில் பார்த்தபோது எல்லாவற்றையும்விட அந்த நீலமும் பொன்னும்தான் என் கண்ணில் பட்டன. நேரில் போய்க் கிட்டக் குனிந்து பார்த்தபோது முகங்கள்தான் என்னைப் பிடித்து நிறுத்தின. தாடையோரத்திலும் கண்ணுக்குக் கீழும் பச்சை. அடியில் பூசிய பச்சை மண் (பச்சை நிற மண்ணிலிருந்து எடுக்கும் நிறப்பொடி), மேலே போட்ட இளஞ்சிவப்புக் கோடுகளின் ஊடாகத் தெரிகிறது.

அக்காலத்து ஓவியர்கள் சருமத்துக்கு முதலில் பச்சை மண்ணைப் பூசி, அதன் மேல் சிவப்பும் வெள்ளையும் கலந்த கோடுகளைப் போடுவார்கள். சிவப்பும் பச்சையும் ஒன்றையொன்று அடக்கி உயிருள்ள தோல் நிறத்தைத் தரும். சரி, அது வெள்ளைத் தோலுக்கு. எங்கள் தோலுக்கு அடியில் என்ன பூசுவது? இந்தக் கேள்விதான் இரண்டு தவணைகளாக என் படிப்பு முழுவதையும் இழுத்துக்கொண்டு போகிறது. பார்த்துப் பின்பற்ற இங்கே அதிகம் இல்லை. பழைய கூடங்களில் கறுத்த, மாநிற முகங்கள் வந்தால் அநேகமாகப் பின்னால் நிற்கும் பணியாள், அல்லது குழந்தை இயேசுவைக் காண வந்த மூன்று ராசாக்களில் ஒருவர்.

ஆகவே சின்னச் சின்னப் பலகைகளில் சோதனை செய்தேன். வெட்டிய பிளைவுட்டில் முயல்தோல் பசையும் சுண்ணத்தூளும் கலந்த ஜெஸ்ஸோவை அடுக்கடுக்காகப் பூசி, உப்புத்தாள் போட்டுத் தந்தம்போல் வழவழப்பாக்கினேன். (பசையைச் சூடாக்கலாம், கொதிக்க விடக்கூடாது. கொதித்தால் பிடிப்புப் போய்விடும்.) ஒன்றில் அடித்தளம் ரோ அம்பர் என்ற பழுப்பு மண், ஒன்றில் நீலம் கலந்த சாம்பல், ஒன்றில் பச்சை மண். எல்லாவற்றின் மேலும் ஒரே செங்காவியும் பேர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும். அம்பர் மேல் போட்டது மண் சுவரைப்போல் செத்துக் கிடந்தது. நீலச் சாம்பல் மேல் போட்டதில் நோயாளியின் களை. பச்சை மண்தான் வென்றது. வெள்ளைத் தோலில் பச்சை எட்டிப்பார்த்தால் கண்ணை உறுத்தும், ஆனால் மாநிறத்தில் அது கோடுகளுக்கிடையே நின்று இயல்பான நிழலாக மாறிவிடுகிறது. ஐரோப்பியர் தங்கள் முகத்துக்குக் கண்டுபிடித்த முறை எங்கள் முகத்துக்கு இன்னும் நன்றாகப் பொருந்துகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

இந்த ஊரின் பெரிய கொடை காட்சிக்கூடங்களுக்குக் கட்டணம் இல்லாததுதான். ஒரே ஓவியத்தை இருபது நிமிடம் பார்த்துவிட்டு வேலைக்கு ஓடலாம், அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி வரலாம். வெள்ளிகளில் நேஷனல் கலரி இரவு 9 மணி வரை திறந்திருக்கும். பென்சிலோடு நின்று வரைவதை யாரும் தடுப்பதில்லை. வந்த புதிதில் கடையிலும் பஸ்ஸிலும் வாய் திறக்கவே எனக்குத் தயக்கம். அங்கே கொப்பியை விரித்துக்கொண்டு நின்றால் எந்த நாட்டவரும் வந்து பார்த்து, தலையாட்டி, இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவார்கள். லண்டனில் என்னோடு முதலில் கதைத்த அந்நியர்கள் அநேகமாக அப்படி வந்தவர்கள்தான்.

பலர் அறியாத இன்னொரு வசதியும் உண்டு. பிரித்தானிய அருங்காட்சியகத்தில் அச்சுப்படங்களுக்கும் ஓவியர்கள் கையால் தீட்டிய வரைபடங்களுக்குமென்று ஒரு படிப்பறை இருக்கிறது. சுமார் 50,000 வரைபடங்களும் 20 லட்சத்துக்கு மேற்பட்ட அச்சுப்படங்களும் அந்தப் பிரிவில் உண்டு. முன்பதிவு செய்துகொண்டு போனால் கேட்டதை எடுத்து மேசையில் வைப்பார்கள், காசு இல்லை. நான் டச்சு ஓவியர் ரெம்ப்ராண்டின் வரைபடங்களைக் கேட்டிருந்தேன். அவற்றில் 1654 அளவில் அவர் வரைந்த, தூங்கும் இளம்பெண்ணின் படமும் இருந்தது. முழுக்கத் தூரிகையும் மண்ணிற மையும்தான். கை ஒரு இழுப்பு, முதுகு ஒரு இழுப்பு. மை தீர்ந்துகொண்டு போகிற இடத்தில் தூரிகையின் மயிர் பிரிந்து கடதாசியின் வெள்ளை தெரிகிறது, அந்த வெள்ளையே துணியில் விழும் வெளிச்சமாகிவிடுகிறது. கையெட்டும் தூரத்தில், கண்ணாடிச் சட்டம் எதுவும் இல்லாமல் அதைப் பார்த்தேன். எத்தனை விரிவுரை கேட்டாலும் இது வராது.

அதே கட்டடத்தின் 33ஆம் கூடத்தில் பௌத்தப் பெண்தெய்வமான தாரா நிற்கிறாள். திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் எங்கோ கண்டெடுத்த சிலை. இலங்கை ஆளுநராக இருந்த ரொபர்ட் பிரவுன்றிக் 1830இல் இங்கே கொடுத்தார். 143 சென்டிமீற்றர் உயரம், வெண்கலத்தில் திடமாக வார்த்துப் பொன்முலாம் பூசியது, 1,200 ஆண்டுகள் அளவில் பழையது. எங்கள் கரையில் கிடைத்தவளை நான் முதன்முதல் லண்டனில்தான் கண்டேன். அது நெஞ்சில் ஒரு கனம், அதைச் சொல்லாமல் போக முடியாது. ஆனால் வரையத் தொடங்கினால் கனத்தை நினைக்க நேரமில்லை. நெற்றியில் ஒளி அகலமாக விழுகிறது, மூக்கின் முதுகில் ஒடுங்குகிறது, கீழுதட்டில் மறுபடி அகலமாகிறது. எங்கள் முகங்களில் வெளிச்சம் எங்கே உட்காரும் என்பதை எந்த ஐரோப்பிய ஓவியமும் எனக்கு இவ்வளவு தெளிவாகக் காட்டவில்லை.

டேட் மொடேன் காட்சிக்கூடத்தில் அமெரிக்க ஓவியர் ரொத்கோவின் சீக்ரம் ஓவியங்களைப் பார்த்தேன். 1958, 59இல் நியூயோர்க்கின் சீக்ரம் கட்டடத்து உணவகத்துக்காகத் தொடங்கி, பிறகு அங்கே கொடுக்க மறுத்து, கடைசியில் டேட்டுக்குத் தந்தவை. அவை லண்டன் வந்து சேர்ந்த 1970 பெப்ரவரி 25 அன்றுதான் அவர் இறந்துகிடந்தார். அரை இருட்டில் பெரிய மரூன் நிறப் பரப்புகள். படத்தில் பார்த்து நான் பெரிதாக மதிக்காதவை. நேரில் நின்றால் அந்த மரூன் ஒரே பூச்சல்ல, மெல்லிய பல அடுக்குகள் என்று தெரிகிறது. அவற்றில் அவர் முட்டையும் பசையும் பிசினும்கூடக் கலந்திருந்தார் என்று அறிந்தபோது எனக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது.

கல்லூரியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆசிரியர்களைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடவேண்டும். 'சேர்' சொல்லிப் பழகிய நாக்குக்கு அது நெடுநாள் வரவில்லை. அவர்கள் கோட்டைத் திருத்தித் தரமாட்டார்கள், ஏன் இப்படிச் செய்தாய் என்றுதான் கேட்பார்கள். கிரிட் என்று ஒரு அமர்வு, எல்லோர் வேலையையும் சுவரில் மாட்டி எல்லோரும் பேசுவது. பச்சை மண் கேள்வி கிடைக்கும்வரை அங்கே எனக்குச் சொல்ல அதிகம் இருக்கவில்லை. குளிர்காலமும் பழகவேண்டிய ஒன்றுதான். டிசம்பரில் பிற்பகல் 4 மணிக்கு முன்பே சூரியன் போய்விடும். அலுமாரிக்குள் வைத்த எண்ணெய்ச் சோதனைகளின் வெள்ளை மஞ்சளித்துப் போயிருந்தது. எண்ணெய் வண்ணத்தில் சேரும் ஆளி எண்ணெய் இருட்டில் மஞ்சளிக்கும், ஜன்னலோரத்தில் வைத்தால் வெளிச்சத்தில் மெல்லத் தெளியும்.

இந்தத் தவணை அக்காவின் முகத்தை வரைகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில், சமையல் முடிந்தபின், குசினி ஜன்னலோரத்தில் உட்காருகிறார். மேகமூட்டமான வெளிச்சத்தில் அவர் நெற்றியின் ஒளி வெள்ளையல்ல, நீலம். வெள்ளையில் அல்ட்ராமரைன் ஒரு துளி சேர்த்தபோதுதான் அது நெற்றியில் ஒட்டியது. கிரிட்டில் தாடையில் ஏன் பச்சை என்று ஒருவர் கேட்டார். அன்றைக்குச் சோதனைப் பலகைகளையும் கொண்டுபோயிருந்ததால் நெடுநேரம் விளக்கினேன், பலர் குறிப்பெடுத்தார்கள்.

அக்கா நேற்றுப் பலகையைத் தூக்கிப் பார்த்தார். "என்ரை நிறம் சரியாய் வந்திருக்கு. ஆனா கண்ணுக்குக் கீழை நல்லாக் களைச்சுப்போன மாதிரி இருக்கு" என்றார். சரிதான், அந்த இடத்தில் பச்சை கூடுதலாகத் தெரிகிறது. செங்காவியில் இன்னும் இரண்டு அடுக்குப் போடவேண்டும்.