மாமாவின் கிணற்றில் இறங்கும் முன்

கச்சான் ஒரு மாதமாக வீசி வளவெல்லாம் காய்ந்து கிடந்தது. படுவான்கரையில், வெல்லாவெளிப் பக்கம் உள்ள மாமாவின் கிணற்றில் வாளி சேற்றைத்தான் அள்ளி வந்தது. 32 அடிக் கிணறு. இன்னும் ஆறடி தோண்டினால் ஊற்றுக் கிடைக்கும் என்று ஊரில் சொன்னார்கள். விடுமுறையில் வந்திருந்த நான் காலையில் போய்ப் பார்த்தபோது, கிணற்றின் பாதி ஆழத்தில் பலகை கட்டி, அதில் பெற்றோல் நீரிறைப்பு இயந்திரத்தை இறக்க ஆயத்தமாகிக்கொண்டிருந்தார்கள்.

அப்படிச் செய்வதற்குக் காரணம் இருக்கிறது. மேலே வைத்த இயந்திரம் ஏறக்குறைய 7 மீட்டருக்குக் கீழே உள்ள நீரை உறிஞ்சாது. அதனால் இயந்திரத்தையே இறக்குகிறார்கள்.

"மாமா, இதை இறக்கினால் ஆளை இறக்கக்கூடாது" என்றேன்.

"மருமகன், நாங்கள் விளக்கை இறக்கிப் பார்த்துத்தான் ஆளை விடுவோம். விளக்கு எரிந்தால் பயமில்லை."

விளக்குச் சோதனை நல்ல பழக்கம்தான். கனமான கரியமில வாயு அடியில் தங்கி, ஒட்சிசன் குறைந்திருந்தால் சுடர் அணைந்துவிடும். ஆனால் பெற்றோல் இயந்திரம் கக்கும் காபன் மோனொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை; ஆளைச் சாய்க்கும் அளவுக்குச் சேர்ந்த பின்னும் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். கிணற்றுக்குள் மயங்கியவரைத் தூக்க இறங்கியவரும் சேர்ந்தே போன செய்தியை நம் பத்திரிகைகளில் எத்தனை முறை படித்திருப்போம்! அன்று நான் கொஞ்சம் சத்தமாகவே பேசிவிட்டேன்.

எனக்கு அந்தப் பயத்தைக் கற்றுத் தந்தது அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில், போவன் படுகையில் பார்த்த வேலை. அங்கே புதிய நிலக்கரிச் சுரங்கம் ஒன்றை அமைக்கும் குழுவில் இரண்டு ஆண்டுகள் இருந்தேன். சுரங்கம் என்றதும் ஆட்கள் கரி வெட்டுவதுதான் நினைவுக்கு வரும். நாங்கள் கரியைக் கண்ணால் காணவே ஓராண்டுக்கு மேல் ஆனது. முதலில் உளுத்த மேல்மண்ணை அகன்ற பள்ளமாகத் தோண்டி, உறுதியான பாறை முகத்தை வெளியே கொண்டுவந்தோம். அந்த முகத்திலிருந்து இரண்டு சாய்வுப் பாதைகள் இறங்கின: ஒன்று ஆட்களுக்கும் வண்டிகளுக்கும், மற்றது கரியை மேலே கொண்டுவரும் ஓடும் பட்டிக்கு (கன்வேயர்). எட்டு மீட்டர் முன்னே போனால் ஒரு மீட்டர் கீழே. 200 மீட்டர் ஆழத்துக் கரிப்படையைத் தொட 1.6 கிலோமீட்டர் குடைய வேண்டும்.

பாதை மறுபக்கம் திறப்பில்லாமல் முன்னேறும்வரை அதன் முனை ஒரு கிணறுதான். காற்று தானாக அங்கே போகாது. அதனால் விசிறியும் அகலமான குழாயும் முனையோடு கூடவே நகர்ந்தன. இரண்டு பாதைகளையும் இடையிடையே குறுக்கே குடைந்து இணைத்த பிறகுதான் காற்றுக்குச் சுற்றிவர வழி கிடைத்தது. காற்றுப்போக்கிக்கான செங்குத்துக் குழியை அமைத்த விதம் எனக்கு இன்றும் வியப்பு. மேலிருந்து சிறு துளை ஒன்றைக் கீழ்ப்பாதைவரை இறக்கி, அங்கே அகன்ற வெட்டும் தலையைப் பூட்டி, அதை மேல்நோக்கிச் சுழற்றி இழுத்தார்கள். உடைந்த கல்லெல்லாம் கீழே விழ, வண்டிகள் அள்ளிச் சென்றன. பாதையின் முகடு இடிந்து விழாதிருக்க, அதில் 1.8 மீட்டர் எஃகுக் கம்பிகளைப் பசையோடு செலுத்தி முடிக்காமல் அடுத்த அடி எவரும் வைக்கவில்லை.

கரியிலிருந்து கசியும் மீதேன் வாயு காற்றில் 5 முதல் 15 சதவீதம்வரை கலந்திருந்தால், ஒரு பொறி பட்டாலே வெடிக்கும். அங்கே 1.25 சதவீதத்திலேயே மின்சாரம் தானாக அறுபடும். வெளியேற இரண்டு வழி வேண்டும் என்ற விதிக்குப் பின்னாலும் சாவு இருக்கிறது. 1862இல் இங்கிலாந்தின் ஹார்ட்லி சுரங்கத்தில் நீரிறைக்கும் பொறியின் இரும்புத் தூலம் முறிந்து, இருந்த ஒரே குழியை அடைத்தது. 204 பேர், சிறுவர்களும் சேர்த்து, உள்ளேயே மடிந்தார்கள். அதே ஆண்டு அங்கே சட்டம் வந்தது.

கிணற்றுக்கு இரண்டாவது வழி கிடையாது. எனவே கொல்லுப்பட்டறைக்காரரிடம் உலை ஊதும் மின் ஊதியை இரவல் வாங்கி, பீவீசீ குழாயை நீருக்கு ஓரடி மேலேவரை இறக்கினோம். நீரை மின்சார மூழ்கு பம்பினால் இறைத்தோம். இறைத்து முடிந்து, பிளக்கைக் கழற்றி, பம்பை மேலே தூக்கிய பிறகே ஆள் இறங்கலாம் என்பது என் பிடிவாதம். அரை மணி நேரம் காற்று ஊதிய பின் விளக்கு. அதன்பின் இடுப்பில் கயிறு கட்டியவர். மேலே எப்போதும் இரண்டு பேர். எது நடந்தாலும் கயிற்றை இழுப்பதுதான், எவரும் பின்னால் குதிப்பதில்லை என்று மாமாவே எல்லோரிடமும் சத்தியம் வாங்கினார்.

பழைய செங்கல் கட்டின் அடியைத் தோண்டினால் கட்டே சரிந்துவிடும். ஓரடி உள்ளே தள்ளித் தோண்டி, சிறிய சீமெந்து வளையங்களை இறக்கி, இடைவெளியில் சல்லி நிரப்பினோம். 35 அடியில் அலவாங்கு பாறையில் மோதியது. கீழே நின்ற தம்பி, "அண்ணன், இங்கேயும் கரி இருக்குமா?" என்று கேட்டான். இருக்காது. போவன் படுகையின் கரி 25 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய சதுப்புக் காடுகள். நம் காலடியில் இருப்பதோ, தரையில் மரங்கள் தோன்றும் முன்பே பூமிக்குள் வெந்து இறுகிய பாறை. அதன் வெடிப்பில் கரி கிடையாது, தண்ணீர் உண்டு.

நான்காம் நாள் 37 அடியில் அந்த வெடிப்பு அகப்பட்டது. மறுநாள் விடியற்காலை கயிற்றில் கல்லைக் கட்டி அளந்தேன்: ஐந்தடித் தண்ணீர். மாமி முதல் வாளியை மொண்டு, வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத் தேநீருக்கு ஏற்றினார்.

பட்டறைக்காரர் பத்து மணிக்கு ஊதியைக் கேட்டு வந்தார். அது அதற்குள் அடுத்த வளவுக் கிணற்றுக்குப் போயிருந்தது.