எந்த விதியில் பேசினார்கள் என்று கேளுங்கள்

"பச்சைத் தேயிலை விலையைப் பற்றி நாடாளுமன்றத்தில் பேசிட்டாங்க" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தால் போதும், கோத்தகிரியில் என் ஜெராக்ஸ் கடையில் அன்றைக்கு வேறு பேச்சே இருக்காது. "ஏம்மா, இனி விலை ஏறுமா?" என்பார்கள். "எந்த விதியில பேசினாங்க அண்ணா?" என்று நான் திருப்பிக் கேட்பேன். பேச்சுக்குப் பதில் வருமா வராதா என்பதே அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

நமக்கு வரும் வீடியோக்களில் பெரும்பாலானவை பூஜ்ய நேரத்துப் பேச்சு, அதாவது உறுப்பினர்கள் அவசரப் பிரச்சினைகளை எழுப்பும் நேரத்தில் பேசியது. மக்களவையில் 11 மணிக்குக் கேள்வி நேரம். 12 மணிக்கு அது முடிந்து, ஆவணங்களைத் தாக்கல் செய்த பிறகு பூஜ்ய நேரம். அவை விதிப் புத்தகத்தில் இப்படி ஒரு நேரமே கிடையாது, வழக்கத்தில் வந்து நிலைத்துவிட்டது. அதனால் அமைச்சர் அங்கே எழுந்து பதில் சொல்லியாக வேண்டிய கட்டாயமும் இல்லை. நம் மலைப் பிரச்சினை அவைக் குறிப்பில் ஏறுகிறது, அது நல்லதுதான். ஆனால் அதோடு நின்றுவிடக் கூடாது. மக்களவை விதி 377-இன் கீழ் பேசுவது இதைவிட ஒரு படி மேல். முன்கூட்டியே எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கிய வாசகத்தைப் படிப்பார்கள். அமைச்சகம் பிறகு அந்த உறுப்பினருக்குக் கடிதத்தில் பதில் அனுப்பும். அந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

உண்மையான பிடி கேள்வியில்தான் இருக்கிறது. நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் அவையில் வாயால் பதில் சொல்ல வேண்டும், துணைக் கேள்விகளையும் சந்திக்க வேண்டும். மக்களவையில் ஒரு நாளைக்கு 20 தான், அதுவும் குலுக்கலில் தேர்வாக வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தில் முறை வராதவற்றுக்கு எழுத்தில் பதில் கொடுத்துவிடுவார்கள். நட்சத்திரம் இல்லாத கேள்விகள் 230 வரை. அவற்றுக்கு எழுத்தில் மட்டுமே பதில். தொலைக்காட்சியில் வராததால் யாரும் இவற்றைக் கண்டுகொள்வதில்லை. நான் அச்செடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் இவற்றைத்தான்.

யாரைக் கேட்பது என்பதும் முக்கியம். விவசாய அமைச்சரைக் கேட்க வேண்டும் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் தேயிலை வாரியம் 1953-ஆம் ஆண்டுத் தேயிலைச் சட்டப்படி இயங்குவது. வணிக அமைச்சகத்தின் கீழ் வருகிறது. அந்த அமைச்சகத்துக்கு ஒதுக்கிய கிழமையில்தான் இலை விலைக்குப் பதில் வரும்.

ஒரு பதிலை எடுத்துப் பார்த்தால், மேலே கேள்வி எண், தேதி, அமைச்சகம். அதற்குக் கீழே கேள்வி அ, ஆ, இ என்று பிரிவு பிரிவாக இருக்கும். பதிலும் அதே வரிசையில் வரும், சில சமயம் நான்கு பிரிவுக்கும் சேர்த்து ஒரே பத்தி. அப்படி வந்தால் எந்தப் பிரிவு நழுவிப் போயிருக்கிறது என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த கூட்டத்தொடரில் அதை மட்டும் தனியாகக் கேட்கச் சொல்லலாம்.

"பரிசீலனையில் உள்ளது" என்ற வரியைப் பார்த்ததும் நம் ஆட்கள் தாளை மடித்துப் பையில் வைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து மடிக்காதீர்கள்! நாடாளுமன்ற நடைமுறையில் அந்த வரியை உறுதிமொழியாகவே எடுத்துக்கொள்ளலாம். "தகவல் திரட்டப்பட்டு அவையில் வைக்கப்படும்" என்பதும் அப்படித்தான். எந்தெந்தச் சொற்றொடர் உறுதிமொழி ஆகும் என்று ஒரு பட்டியலே இருக்கிறது. இரண்டு அவைகளிலும் அரசின் உறுதிமொழிகளைக் கண்காணிக்கும் குழு இருக்கிறது. உறுதிமொழியை மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், முடியாவிட்டால் அமைச்சகம் காரணம் சொல்லி அவகாசம் கேட்க வேண்டும், கைவிடுவதானாலும் அந்தக் குழுவிடம்தான் போய் நிற்க வேண்டும். பனியில் இலை கருகி, கூலி கட்டுப்படியாகாமல் நிற்கிற ஒரு விவசாயிக்கு டெல்லியில் இப்படி ஒரு பிடி இருப்பது தெரியாமல் போவது எனக்குத் தாங்கவில்லை.

அதனால் எம்.பி. அலுவலகத்துக்கு மனு எழுத வருகிறவர்களிடம் "விலையை உயர்த்த ஆவன செய்யுங்கள்" என்ற பொதுவான வரியை விடச் சொல்கிறேன். இன்ன தேதி, இன்ன எண் கேள்விக்கு இப்படிப் பதில் வந்ததே, அது உறுதிமொழியாகப் பதிவானதா, இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டு எழுதுகிறோம். பழைய பதிலின் நகலையும் பின்னால் சேர்த்துவிடுகிறோம்.

இன்னொரு வழியும் இருக்கிறது. குடிமக்கள் யார் வேண்டுமானாலும் மக்களவைக்கே விண்ணப்பம் கொடுக்கலாம். உறுப்பினர் ஒருவர் மேலொப்பமிட்டு அதை அவையில் வைக்கலாம். பிறகு அது விண்ணப்பக் குழுவுக்குப் போகும். தமிழில் எழுதினால் ஆங்கிலத்திலோ இந்தியிலோ மொழிபெயர்ப்பு ஒன்றை இணைத்து அதிலும் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் பக்கத்து ஹட்டிகளில் (படுகர் ஊர்களில்) சிலர் இதற்குக் கையெழுத்து வாங்கத் தொடங்கியிருக்கிறார்கள். வாசகம் என்னிடம் இருக்கிறது. வேண்டியவர்கள் கடைக்கு வாங்க, அச்செடுத்துத் தருகிறேன்.